பவுல் கொண்டுவந்த காகிதம்

தூத்துக்குடி
22-11-1976

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஹில்டாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தங்கச்சி பிளாரன்சும் பனிமய மாதா புண்ணியத்தில் சுகம். நீயும் ஸ்பெயினில் சுகமாக இருக்கிறாய் என்று வழக்கம்போல எழுதத்தான் கை வருகிறது, ஆனால் இந்தத் தடவை அதைக் கேள்வியாகவே கேட்கிறேன், ஏன் என்று கடைசிவரை படித்தால் தெரியும். உன் போன கடிதம் கிடைத்தது. உறையில் ஒரு பக்கம் ஒட்டு விட்டிருந்தது, தபால்காரர் மழை என்றார், மழை ஒரு பக்கம் மட்டும் பெய்யுமா என்று கேட்டு அனுப்பினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, டாக்டர் கொடுத்த மாத்திரையை நான்தான் இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தேன், அதனால் அவளுக்கு என் மேல் கோபம். புதுத் துறைமுகத்தில் உப்பு மூட்டை ஏற்றுமதி நிறைய, எண்ணி எண்ணிக் கண் பூத்துப் போகிறது.

இனி பிளாரன்ஸ் சங்கதி. அவள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள், படிப்பு முடிந்ததும் உன்னைப் போலவே அங்கே மடத்தில் நர்ஸ் பயிற்சிக்கு வருவதாக இருந்தது. அவளைப் போலப் போக இருக்கிற பிள்ளைகளுக்காக இந்த ஜூலையில் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்க ஆக்னஸ் என்று ஒருத்தி வந்தாள். மாப்பிள்ளையூரணிக்காரி. அவளும் ஸ்பெயினில் ஏதோ ஒரு மடத்துக்குப் போனவள்தான், நான்கு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள், கன்னியாஸ்திரீயும் ஆகவில்லை நர்ஸும் ஆகவில்லை. மடத்துக்குப் போன பெண் திரும்பி வந்தால் நம் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும், நானும் அதையே பேசினேன். வாரத்தில் இரண்டு நாள், பள்ளிக்கூடம் விட்டபிறகு ஒரு மணி நேரம், சம்பளம் கிடையாதாம். சம்பளம் இல்லாமல் ஒருத்தி எதற்காக மெனக்கெட வேண்டும்? ஸ்பானிஷ் பேசுகிற கப்பல்காரர்கள் துறைமுகத்துக்கு வந்து போகிறார்கள், என் புத்தி அந்தப் பக்கமெல்லாம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை பிளாரன்சுக்குக் குடை கொண்டுவந்தவன் மாதிரி வராந்தாவில் போய் நின்றேன். ஆக்னஸ் மேசையைத் தட்டி மேசா என்கிறாள், பழைய பூட்ஸ் ஒன்றைத் தூக்கிக் காட்டி சப்பாத்தோ என்கிறாள், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நாம் வீட்டில் சொல்லுகிற மேசையும் சப்பாத்தும்தானே, இதற்கு ஒரு டீச்சரா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு பிள்ளையை எழுப்பி அது கையில் வாளியைக் கொடுத்தாள். அந்தப் பிள்ளை வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னவோ சொன்னது, சத்தம் போதாது என்று ஆக்னஸ் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள், கடைசியில் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கத்தியது. வீட்டுக்கு வரும் வழியில் பிளாரன்சிடம் அர்த்தம் கேட்டேன். எனக்கு இது வேண்டாம் என்று அர்த்தமாம். போன வாரம் படித்தது என்ன என்றேன். என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், நான் வீட்டுக்குப் போக வேண்டும், இவைதானாம். எனக்கு ரத்தம் கொதித்தது. வணக்கமும் நன்றியும் சொல்லிக்கொடுக்காமல் ஆரம்பத்திலேயே எதிர்த்துப் பேசச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றால் இவள் எந்த ரகம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒன்பது தகப்பன்மாரிடம் கையெழுத்து வாங்கித் தலைமையாசிரியைக்கு மனு கொடுத்தேன், அக்டோபர் முதல் வாரத்தில் வகுப்பு நின்றது. பிளாரன்ஸ் நான்கு நாள் என்னோடு பேசவில்லை, அதையும் ஆக்னஸ் கணக்கில்தான் எழுதினேன்.

உன்னை அனுப்பி வைத்த ஏஜெண்டு பவுல் இந்த மாதம் முதல் வாரம் வந்தார். பிளாரன்சுக்கான காகிதம் கொண்டுவந்தார், உனக்குக் கொண்டுவந்த மாதிரியே மேலே சிலுவை அச்சடித்தது, முழுக்க ஸ்பானிஷ். என்ன எழுதியிருக்கிறது என்றதற்கு, எல்லாம் நர்ஸ் படிப்பு வெவரந்தான் அண்ணாச்சி, கையெழுத்தப் போடுங்க என்றார். மீன்காரியின் தராசையே நம்பாதவன், மூட்டையைத் தொட்டு எண்ணாமல் ஒரு சீட்டிலும் கையெழுத்துப் போடாதவன், அந்தச் சிலுவையைப் பார்த்ததும் அதை உதட்டில் வைத்து முத்திசெய்துவிட்டுப் போட்டுக் கொடுத்தேன் ஹில்டா. மறுநாள் பிளாரன்ஸ் நகலை வைத்துக்கொண்டு விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்பா, இதுல நர்சுன்னு ஒரு வார்த்தகூட இல்லப்பா, தொவைக்கதுன்னு இருக்கு, துணின்னு இருக்கு, மூணு வருசம்னு இருக்கு என்றாள். மூன்று மாசப் படிப்பை வைத்துக்கொண்டு பெரிய மனுஷி ஆகிவிட்டாயோ என்று திட்டினேன். திட்டிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து உன் காகிதத்தின் நகலை எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெயர் மட்டும்தான் வேறே.

இரண்டையும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையூரணிக்குப் போனேன். ஆக்னஸ் என்னை உள்ளே கூப்பிடவில்லை, வாசலில் நின்றே வாங்கிப் படித்தாள். மடத்துச் சலவைக்கூடத்தில் மூன்று வருஷம் வேலை, நடுவில் திரும்பினால் பயணச் செலவு தகப்பன் பொறுப்பு, இவ்வளவுதான் இருக்கிறது என்றாள். மனு எழுதுனது நீங்கதான என்று கேட்டாள், ஆமாம் என்றேன். நா நாலு வருசம் போர்வயும் துண்டும் தொவச்சேன் அண்ணாச்சி, வேண்டாம்னு சொல்லுததுக்கு ஒரு வார்த்த தெரியல, பிள்ளைங்க போறதத் தடுத்தா யாரு கேப்பா, அதான் சொல்லவாவது தெரியட்டும்னு அத மொதல்ல படிச்சிக் குடுத்தேன் என்றாள். அவர்கள் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்கள் பதினொன்றையும் எடுத்து முதலிலிருந்து படித்தேன். ஒன்றிலாவது ஒரு நோயாளி இல்லை, ஒரு டாக்டர் இல்லை, ஊசி மருந்து இல்லை. வெயில் இருக்கிறது, கோயில் திருநாள் இருக்கிறது. நான்காவது கடிதத்தில் கை வெடிப்புக்கு என்ன போடலாம் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாய், குளிர்தேசம் அப்படித்தான் இருக்கும், தேங்காய் எண்ணெய் தடவு என்று நான்தான் எழுதினேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட எனக்கு அது உறைக்கவில்லையே. நீ ஏன் மறைத்தாய் என்றும் தெரிகிறது. என் மகள் சீமையில் நர்ஸ் என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான், அந்தப் பெருமையைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்திருப்பாய். என் கணிப்பு தப்பாக இருந்தால் மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன், ஆனால் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

மனுவைத் திரும்ப வாங்கிவிட்டேன், செவ்வாய்க்கிழமையிலிருந்து வகுப்பு மறுபடி நடக்கிறது. பிளாரன்ஸ் எங்கேயும் போகப் போவதில்லை, ஆனாலும் படிக்கட்டும். பவுலிடம் காகிதத்தைக் கேட்டால் மதராசுக்கு அனுப்பியாச்சு என்கிறார், மேசை டிராயரை மூடிக்கொண்டே சொல்லுகிறார். இதோடு ஸ்பானிஷில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன், பிளாரன்ஸ் எழுதி ஆக்னஸ் திருத்தியது. என் மகள் ஹில்டாவின் பாஸ்போர்ட்டை அவள் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள் என்று இருக்கிறது. மடத்துத் தாயாரிடம் நீயே கொடு. கொடுக்கும்போது சத்தமாகப் பேசு, பயப்படாதே. டிக்கெட்டுக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாவது வருஷத்தையும் முடித்துவிடலாம் என்று நினைத்துவிடாதே. நீ நர்ஸாக வர வேண்டாம் அம்மா, ஒன்றுமாகவும் வர வேண்டாம், வந்தால் போதும்.

ராத்திரி ஜெபத்தில் அம்மா உன் பெயரை இரண்டு தடவை சொல்லுகிறாள், அவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மாதா உன்னைக் கைவிடமாட்டாள், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மறந்துவிடாதே, நம் தபால்காரரும் பவுலும் ஒரே கடையில் டீ குடிப்பதை இரண்டு தடவை பார்த்தேன். பதிலை நம் வீட்டு விலாசத்துக்கு எழுதாதே. ஆக்னஸ் டீச்சர், மாப்பிள்ளையூரணி என்று எழுது, அந்த ஊருக்குத் தபால்காரர் வேறே, அவள் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
மரியான் பர்னாந்து