வளையல் கடைக்குள் ஒரு வழி

போன வாரம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது. கட்டணக் கழிப்பறை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார். காசைக் கொடுத்தேன். உள்ளே சுத்தமாகத்தான் இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெளியே வந்ததும் உன்மேல் கோபம் கோபமாக வந்தது. செத்துப்போனவள்மேல் என்னடி கோபம் என்று கேட்காதே. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனவள் நீ. மீதியை இந்தக் காகிதத்தில்தான் பேசியாக வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் தேர்தல் வந்து, நம் வார்டுக்கு நீ மெம்பர் ஆனாய். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ரோட்டோரமாக ஒரு சின்ன ஊர் நம்முடையது. பஸ் நிற்கிற இடத்தில் நான் தள்ளுவண்டியில் வளையல் விற்றுக்கொண்டிருந்தேன். ஒலக்கூர்ப் பக்கமிருந்து அவித்த மல்லாட்டைக் கடலையும் கீரையும் கொண்டுவந்து விற்கிற பெண்கள் பொழுது சாய்கிற வரைக்கும் தண்ணீரே குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே! நானும் அப்படித்தான் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருந்தவள் என்ற உரிமையில் உன்னைப் பிடித்து உலுக்கினேன்.

“மெம்பர் ஆயிட்ட இல்ல, மொதல்ல பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டுடி.”

“கட்டிடலாம். கட்டுன மறுநாள்லேருந்து கழுவ ஆளு வேணும், தண்ணிக்கு மோட்டார் ஓடணும். அதுக்கு யாரு குடுப்பா? மேலேருந்து வரும் வரும்னு கையக் கட்டிக்கினு இருந்தா நாறிப்பூடும். ஊருக்குன்னு சொந்த வருமானம் வேணும். ஆளுக்குக் கொஞ்சம் காசு வாங்கித்தான் ஆவணும்.”

“கீரை விக்கிறவகிட்ட இதுக்குமா காசு கேப்ப? நீயெல்லாம் ஒரு மெம்பரு!”

கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை நாம். பிறகு நீயே ஒரு யோசனையோடு வந்தாய். பேரூராட்சியின் காலி மனையில் பின்பக்கம் கழிப்பறை, முன்பக்கம் ரோட்டைப் பார்த்து மூன்று கடைகள். கடை வாடகையில் கழுவுகிறவருக்குச் சம்பளம், மோட்டாருக்குக் கரண்ட். உள்ளே போகிறவளிடம் சல்லிக்காசு வாங்க வேண்டாம். மன்றத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். ஓரக் கடையை நான் வாடகைக்கு எடுத்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திறந்தார்கள், மாலை போட்டார்கள், போனார்கள். ஒருத்தியும் வரவில்லை! மூன்று கடையில் ஒன்று டீக்கடை, கழிப்பறைக்குப் போகிற சந்து அதை ஒட்டி இருந்தது. அங்கே எப்போதும் பீடியும் கையுமாக ஆண்கள் கூட்டம். அவர்கள் கண்ணெதிரே அந்தச் சந்துக்குள் எந்தப் பொம்பளை நுழைவாள்? இதை நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இவ்வளவுக்கும் ரெண்டு பேரும் பொம்பளைங்கதான். வாடகை ஒழுங்காக வந்தது, தினமும் கழுவினார்கள், யாரும் போகாத கழிப்பறை பளபளவென்று இருந்தது. பெண்கள் வழக்கம்போல வேலிக்காத்தான் புதரைத் தேடி நடந்தார்கள்.

“பேஜாராப் போச்சுடி. டீக்கடையக் காலி பண்ணச் சொல்லிடு,” என்றேன்.

“அவன் வாடகைதான் ஒசத்தி. அவன எழுப்பிட்டா கழுவறவங்களுக்கு இன்னாத்தக் குடுப்ப?” என்றாய். கொஞ்ச நேரம் என் கடைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாய். “உன் கடைக்குப் பின்னால செவுத்துல ஒரு கதவு வெச்சா? பொம்பள வளையல் கடைக்குள்ள பூந்தா எவன் இன்னான்னு கேப்பான்?”

மன்றத்தில் ஒப்புதல் வாங்கிச் சுவரை உடைத்துக் கதவு வைத்தாய். அதுதான் நீ. அந்த வாரமே பெண்கள் வர ஆரம்பித்தார்கள். கண்ணாடி வளையலைப் பார்ப்பதுபோல உள்ளே நுழைந்து, பின்கதவால் போய், முகம் தெளிந்து வருவார்கள். கீரைக்காரிகள் மத்தியானத்தில் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நாம் ரெண்டு பேரும் பைத்தியம்போலச் சிரித்தோம்.

ஆனால் போகிறவர்கள் சும்மா போகவில்லை. ஒரு ஹேர்பின், ஒரு சாந்துப் பொட்டு, ஒரு முழம் ரிப்பன் என்று எதையாவது வாங்கிக்கொண்டுதான் கடையை விட்டு இறங்கினார்கள். நான் கேட்கவேயில்லை. என் வியாபாரம் கூடியது. “நீ கேட்ட ஓசியும் ஆச்சு, நான் கேட்ட காசும் ஆச்சு,” என்று என் தொடையில் தட்டினாய். இது ஓசியா, காசா என்று எனக்கு அன்றைக்கே குழப்பம் பிடித்துக்கொண்டது.

அப்புறம் அந்த மல்லாட்டைக்காரி. நிறைமாசம். கூடை அப்படியே நிறைந்திருந்தது, விற்கவில்லை போல. கடை வாசல்வரைக்கும் வந்தவள் தயங்கி நின்றாள்.

“உள்ள வாம்மா,” என்றேன்.

“இல்லக்கா, இன்னைக்கு ஒண்ணும் வாங்கல. அப்புறம் வர்றேன்.”

“வாங்க வேணாம், சும்மா போய்ட்டு வா!” என்று கத்திவிட்டேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். “ஒண்ணும் விக்காத கடையா வெச்சா வாடகை வராது. வித்தா அவ வரமாட்டா. நாளைக்கு ரோசன பண்ணலாம்டி,” என்று எழுந்துபோனாய். அடுத்தடுத்து வேலை, அலைச்சல், கடைசியில் உன் காய்ச்சல். அந்த ‘நாளைக்கு’ வரவேயில்லை.

இப்போது ஊர் பெரிதாகிவிட்டது. மன்றத்தில் கூட்டம் போட்டு, ஊர் தன் காலில் நிற்க வேண்டும் என்கிறார்கள், மக்களுக்கு வசதியாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள். ரெண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறபோது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய கடைக்காரி என்று என்னையும் பேசச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். நீ சொன்னது சரியா, நான் சொன்னது சரியா என்று எனக்கே தெரியாதபோது என்னத்தைச் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மல்லாட்டைக்காரி போன மறுநாள் தொடங்கிய பழக்கம் ஒன்று மட்டும் இன்றுவரை விடவில்லை. கடைக்குள் ஒரு பெண் காலெடுத்து வைத்தால், நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு வளையல் சரத்தை அடுக்க ஆரம்பித்துவிடுவேன். “வர்ற கிராக்கிக்கு யாராச்சும் முதுகக் காட்டுவாங்களா அத்தே?” என்று மருமகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்கும். மறுபடி கேட்கும். காலடி வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் திரும்புவேன்.