பனிநாய்களுக்கு நான் தைத்த காலுறை

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில், பூன் லே வீட்டில் நானும் உன் தம்பி ரித்திக்கும் சுகம். நார்வேயில் நீயும் உன் நாய்களும் சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் சுகமில்லை என்பது நேற்றே தெரிந்துவிட்டது. முதல் நாய்வண்டிப் பந்தயத்தில் பாதி வழியிலேயே விலகிவிட்டாயாமே, இரண்டு நாய்களுக்குக் கால் வீங்கியதற்கு நான் தைத்து அனுப்பிய காலுறைதான் காரணமாமே. ரித்திக் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அம்மாகிட்ட மட்டும் சொல்லாத லா என்று அவனிடம் கெஞ்சினாயாம்.

வங்கி வேலையை விட்டு நாய்வண்டி ஓட்டப் போகிறேன் என்று நீ கிளம்பியபோது ஒரு வருடம் பேசாமல் இருந்தவள் நான்தான், மறுக்கவில்லை. பிறகு தேக்கா தையல்கடையில் உட்கார்ந்து நீ அனுப்பிய வீடியோவையெல்லாம் பார்த்தேனே. புதிதாக வருகிறவர்கள் மாதக்கணக்கில் நாய்ப் பீ அள்ள வேண்டும், உறைந்த இறைச்சியை வெட்டி வெந்நீரில் கலந்து வைக்க வேண்டும், பனி விழுமுன் சக்கர வண்டியில் நாய்களைப் பூட்டிப் பழக வேண்டும், சறுக்குவண்டி கவிழ்ந்தாலும் பிடியை விடக்கூடாது, எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த ஓட்டத்தை முடித்தால்தான் அடுத்த ஆண்டு பெரிய பந்தயத்தில் சேர்ப்பார்கள் என்றும் தெரியும். அதனால்தான் தீபாவளி பிளவுஸ்களை ஓரம் தள்ளிவிட்டு இருநூறு காலுறை தைத்தேன். கழன்று பனியில் விழுந்துவிடக் கூடாதே என்று கணுக்காலில் பிளவுஸ் கை மாதிரி இறுக்கிப் பிடித்துவிட்டேன். அந்தக் குளிரில் ரத்த ஓட்டம் நின்றுவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்.

தப்பு என்னுடையது. ஆனால் பயிற்சி ஓட்டத்திலேயே இறுக்கம் உனக்குத் தெரிந்திருக்கிறது, அம்மா மனம் நோகும் என்று வாயை மூடிக்கொண்டு பந்தயத்திலும் அதையே மாட்டியிருக்கிறாய். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைக்கு வரும் சங்கீதா, கை இறுக்கினால் பிளவுஸை மேசையில் வீசி, என்னக்கா தைச்சிருக்கீங்க என்று கத்துகிறாள், நானும் பிரித்துக் கொடுக்கிறேன். ஒரு வாடிக்கைக்காரிக்கு இருக்கிற உரிமை என் வயிற்றில் பிறந்தவளுக்கு இல்லையா? வாயில்லாத ஜீவன் நொண்டினாலும் பரவாயில்லை என்னும் அளவுக்கா என்னிடம் பயம்?

கோபத்தோடுதான் முடிக்கிறேன். உனக்கும் அந்த நாய்களுக்கும் நோய்நொடி அண்டாமல் மாரியம்மன் காக்கட்டும். வீங்கிய காலுக்கு வேளை தவறாமல் மருந்து போடு. மீதி உறைகளைத் தூக்கி எறிந்துவிடாதே. எதைத் தைத்தாலும் உள்ளே அரை அங்குலம் துணி விட்டுத்தான் தைப்பேன், ஒரு தையலைப் பிரித்திருந்தால் தளர்ந்திருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் அம்மா,
சாமுண்டீஸ்வரி