பெரியவர்கள் மட்டும் போகிற கப்பலில் நான் ஏறமாட்டேன்

அமராவதிபுதூர்,
பங்குனி 6, வெள்ளிக்கிழமை தொடங்கி எழுதுவது

அன்பு மகன் முத்தரசுக்கு அப்பா சேவுகன் எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் உன் தம்பி வீட்டாரும் முத்துமாரி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். மெல்போர்னில் நீயும் மருமகள் ரோகிணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரன் ஆதித்தன் சுகமா என்றும் கேட்டிருப்பேன், ஆனால் அவன் உன் வீட்டைவிட்டுச் சினேகிதன் அறைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது என்று ரோகிணி உன் அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாள், ஆகவே அவன் சுகத்தை உன்னிடம் கேட்டு என்ன பயன். யாரிடம் சொல்லி எழுதினேன் என்று யோசிக்காதே. இது என் கை. ஆடியிலிருந்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரிய ஆட்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறார்கள், பதினான்கு பேர் போகிறோம், எழுபத்து நான்கு வயதுக்காரன் நான் ஒருவன்தான், நான்தான் முதலாவது. இப்போது பஸ் நெற்றியில் இருப்பதை நானே வாசித்து ஏறுகிறேன். போன வாரம் காரைக்குடியில் ஒரு மணி நேரம் சும்மா நின்று கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துவிட்டு வந்தேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் என்னால் எழுத முடிகிறது, அதனால் கடிதம் ஓரிடத்தில் கோபமாகவும் ஓரிடத்தில் சிரிப்பாகவும் இருந்தால் அது வேறு வேறு நாள் என்று எடுத்துக்கொள்.

இங்கே தை அறுப்பு முடிந்தது, நெல் பரவாயில்லை, வைக்கோல்தான் மழையில் நனைந்துவிட்டது. உன் அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது மூலையில் கிடக்கும் ஒட்டடையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, அதற்கு நான் பேச்சு வாங்குகிறேன். உன் தம்பி மகள் தீபலட்சுமிக்குச் சித்திரையில் கல்லூரிப் பரீட்சை. போன மார்கழியில் நாம் போன கப்பல் பயணத்துக்காக நீ எல்லோருக்கும் ஒரே மாதிரி அடித்துக் கொடுத்த மஞ்சள் பனியனை நான் வயலுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன். மலையாண்டி டீக்கடையில் என்னைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, எந்தக் கட்சி, எந்தத் தொகுதியில நிக்கிறீக?" என்று கேட்டான். "குடும்பக் கட்சிடா, ரெண்டு நாடு சேந்த தொகுதி" என்றேன். பிள்ளைகள் இரண்டும் அந்தப் பனியனை முதல் நாளோடு கழற்றி எறிந்ததும் எனக்குத் தெரியும், எனக்குப் பிடித்தது அவர்களுக்கும் பிடிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாசிக் கடைசியில் நம் குடும்பக் குழுவில் நீ ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தாய். நான் எழுத்துக் கூட்டி யார் உதவியும் இல்லாமல் வாசித்த முதல் வாட்ஸ்அப் அதுதான். "குடும்பத்தோடு போகிற கப்பல் பயணமெல்லாம் இளவட்டங்களுக்குப் பிடிக்காது என்று தெரிந்துவிட்டது, வருகிற மார்கழியில் பெரியவர்கள் மட்டும் போகலாம், அப்பா அம்மாவுக்கு நான் டிக்கெட் போடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். வாசிக்கத் தெரிந்த சந்தோஷத்தில் முதலில் இரண்டு தடவை உரக்க வாசித்தேன், மூன்றாம் தடவைதான் என்ன எழுதியிருக்கிறாய் என்பது மண்டையில் ஏறியது. முத்தரசு, அந்தக் கப்பலில் நான் ஏறமாட்டேன். எழுதி வைத்துக்கொள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டு அனுப்பினாலும் ஏறமாட்டேன், நீயே நேரில் வந்து தூக்கினாலும் ஏறமாட்டேன். கூடவே, நீ எழுதியது பொய் என்றும் சொல்கிறேன். பிள்ளைகளுக்குக் கப்பல் பிடித்திருந்தது. பிடிக்காமல் போனது எது என்றும் எனக்குத் தெரியும், நான் கூட இருந்து பார்த்தவன்.

நீ ஒரு தாளில் நேரம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாயே, எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு, ஒன்பதரைக்கு எல்லோரும் நீச்சல் குளம், பதினொன்றுக்கு மேஜிக், ஏழு மணிக்கு ஒரே வரிசையில் இரவுச் சாப்பாடு என்று. நம் வீட்டுப் பந்தியில் பெரியவர் இலையில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள் என்பதை நீ கப்பலுக்கும் கொண்டுவந்தாய். பினாங்கில் இறங்கியபோது பிள்ளைகள் இரண்டும் மலை ரயிலைப் பார்க்க வேண்டும் என்றார்கள், நீ எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய் ஆள் எண்ணி, திரும்ப ஏற்றி ஆள் எண்ணினாய். நான் ஆதித்தனைத் தனியாகக் கூப்பிட்டு, கப்பல் பிடிக்கவில்லையாடா என்று கேட்டேன். "கப்பல் சூப்பரா இருக்குய்யா, அப்பாதான் கப்பல்லயும் ஆபீஸ் நடத்துறாரு" என்றான். தீபலட்சுமி அதற்கு மேல், "மேஜிக் காட்டுறவன் ஒரு ஆளைக் காணாமப் பண்ணுனான்யா, பெரியப்பா அந்த ஆளையும் சேத்து எண்ணிக்கிட்டு இருக்காக" என்றாள். நான் சிரித்தேன், ஆனால் அவர்கள் சொன்னது சரி. அதே பிள்ளைகள் உன் தாளில் இல்லாத நேரத்தில் எப்படி இருந்தார்கள் என்று நீ பார்க்கவில்லை. மேல் தளத்தில் வெயில் படாத ஓரமாகப் பார்த்து உன் அம்மாவுக்கு இரண்டு நாற்காலி பிடித்து வைத்தது அவர்கள். மோர் எந்தப் பக்கம் கிடைக்கிறது என்று கப்பல் முழுக்க அலைந்து கண்டுபிடித்தது அவர்கள். அதுவரை மூன்று தடவை மட்டும் பார்த்துக்கொண்ட அண்ணனும் தங்கையும் அங்கேதான் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிச் சண்டை போடும் அளவுக்குப் பழகினார்கள்.

நாம் பழனிக்கு எப்படி நடப்போம் என்று உனக்கு மறந்துபோயிற்றா. குன்றக்குடி தாண்டியதும் இளவட்டங்கள் முன்னால் போய்விடும், நாங்கள் கிழடுகள் எங்கள் நடையில் பின்னால் வருவோம். அவர்கள் தங்கும் இடத்துக்கு முதலில் போய் இடம் பெருக்கி, தண்ணீர் எடுத்து வைத்து, பாய் விரித்து வைப்பார்கள். சாயங்காலம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிடுவோம். நடுவில் எங்கே போனாய், ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்பதில்லை, அதுதான் நம் ஆட்களின் வழக்கம். அதனால்தான் அறுபது பேர் போகிற கூட்டத்தில் சண்டை வருவதில்லை. உனக்கு இருபது வயதில், மாலை போட்ட கழுத்தோடு நத்தத்தில் பகல் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு, கால் கொப்புளம் என்று நொண்டிக்கொண்டு வந்தாய். நொண்டியது முதலில் வலது கால், சாப்பிட்டு எழுந்தபோது இடது கால். நான் பார்த்தேன். கேட்டேனா? அப்படி நடந்து வளர்ந்தவன் நீ, உன் பிள்ளையை மட்டும் ஆட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டுகிறாய்.

இனி எழுதப் போவதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. கப்பலின் உச்சியில் மஞ்சளும் நீலமுமாக வளைந்து வளைந்து இறங்கும் ஒரு குழாய்ச் சறுக்கு இருந்ததே, அதை முதல் நாளே பார்த்துவிட்டேன். எனக்கு அதில் சறுக்க வேண்டும். நீயோ என் முழங்காலைச் சொல்லிச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுத்து உட்காரவைத்து, "அப்பா, நான் சொல்ற எடத்துல இருங்க, ஏதாச்சும் ஆச்சுன்னா இனிமே எங்கயும் கூட்டிக்கிட்டுப் போகமாட்டேன்" என்று சொல்லியிருந்தாய். மூன்றாம் நாள் சாயங்காலம் நீ உன் அறையில் அயர்ந்து தூங்கினாய். நான் ஆதித்தனிடம், என்னை ஒரு தடவை அதில் ஏற்றிவிடு என்றேன். "ஐயா, அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையக் கடல்ல தள்ளிருவாரு" என்றான். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று இரண்டு பேரிடமும் மாரியாத்தா பேரில் சத்தியம் வாங்கினேன். ஆதித்தனுடைய அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு நான்கு அடுக்குப் படி ஏறினேன், ஒவ்வொரு அடுக்கிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினேன், பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் முணுமுணுக்காமல் காத்திருந்து கை தட்டினார்கள். சறுக்கினேன் முத்தரசு! முருகா என்று கத்தினேன், பாதிக் கத்தலில் வாய்க்குள் தண்ணீர் போய், வெளியே வந்து விழுந்தபோது என் பல் செட் வாயில் இல்லை. அதைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னொரு தடவை ஏறு என்று மனசு சொன்னது, ஏறினேன். அதற்குப் பிறகுதான் பல்லைத் தேட ஆரம்பித்தோம். உன் தாளில் ஆறே முக்காலுக்குக் குடும்பப் போட்டோ என்று இருந்தது அந்த நேரம்தான். தீபலட்சுமி என்னை அறையில் கொண்டுவந்து விட்டு வேட்டி மாற்றச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினாள். இரண்டு பேரும் குளத்து வேலை பார்க்கிறவர்களைக் கெஞ்சி, தண்ணீர் இழுக்கும் சல்லடையைக் கழற்றச் சொல்லித் தேடியிருக்கிறார்கள்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். போட்டோக்காரர் காத்திருந்து போய்விட்டார். சாப்பாட்டு மேஜையில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் கழித்துத் தலை ஈரத்தோடு வந்து நின்றார்கள். நூறு பேர் பார்க்க நீ எழுந்து நின்று, "குடும்பத்தோட ஒரு போட்டோவுக்கு நிக்கக் கசக்குதா ஒங்களுக்கு? அம்புட்டுத் தண்ணியில ஆட்டம் கேக்குதோ?" என்று கத்தினாய். ஆதித்தன் ஒரு கையைச் சட்டைப் பைக்குள் விட்டபடி நின்றான். அந்தக் கைக்குள் காகிதத்தில் சுற்றிய என் பல் செட் இருந்தது. அவன் எனக்குச் செய்த சத்தியத்தைக் காப்பாற்றினான். கடைசியில், "எனக்குப் பிடிக்கலைன்னே வச்சுக்கங்கப்பா" என்றான், அதைத்தான் நீ இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறாய். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மேஜைக்கு அடியில் என் கையில் அதை வைத்தான். நான் தயிர்ச் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாகூட, "என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக?" என்றாள். பல் இல்லை, அதனால் பேசவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பல்லைப் போட்ட பிறகும் பேசவில்லையே. மறுநாளும் பேசவில்லை, சிங்கப்பூரில் பிரியும்போதும் பேசவில்லை. பேசினால் அடுத்த வருஷம் என்னைக் கப்பலில் ஏற்றமாட்டாய் என்ற பயம்தான் காரணம். இப்போது பார், எனக்கு வர வேண்டிய தண்டனையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுக்கு வர வேண்டிய டிக்கெட்டை என்னிடம் நீட்டுகிறாய். அதை எப்படி நான் வாங்குவேன். அதனால்தான் சொல்கிறேன், கோபப்பட வேண்டுமென்றால் என் மீது கோபப்படு, இரண்டு மாதம் என்னோடு பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். சறுக்கியது தப்பு என்று மட்டும் என்னை எழுதச் சொல்லாதே. அது தப்பில்லை. வாய் மூடி உட்கார்ந்ததுதான் தப்பு.

மார்கழிக் கப்பலுக்கு என் நிபந்தனையை எழுதுகிறேன், பேரம் கிடையாது. ஆதித்தனும் தீபலட்சுமியும் வந்தால் நான் வருவேன். தாள் கிடையாது, பனியனை விரும்புகிறவர் போடலாம். பகலில் அவரவர் வழி, இரவுச் சாப்பாடு ஒரு வேளை மட்டும் எல்லோரும் ஒன்றாக. சக்கர நாற்காலி வேண்டாம், வேண்டுமென்றால் நீ அதில் உட்கார்ந்துகொள், நான் தள்ளுகிறேன். இவ்வளவுக்கும் பிறகு அவர்கள் வர விருப்பமில்லை என்று சொன்னால் சரி, அப்போது பிடிக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறேன். அதை அவர்கள் வாயால் கேட்க வேண்டும், நீயாக எழுதக் கூடாது.

ராத்திரி வேலை முடித்து வந்து வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, அந்த ஊரில் குளிர் என்று சாக்குச் சொல்லாதே. ரோகிணியை அழவிடாதே, அவள் உன் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்தால் இங்கே அன்றைக்குச் சோறு பொங்குவதில்லை. மாரியாத்தா உங்கள் மூவரையும் ஒரே கூரைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நீயும் உன் பிள்ளையும் நூறு வயது நல்லபடியாக இருக்க அப்பாவின் ஆசீர்வாதம்.

ஒன்றை மறந்துவிடாதே. இதைக் குழுவில் போட வேண்டாம். போனில் சொல்லியிருக்கலாம், வேண்டுமென்றுதான் எழுதினேன். இந்தக் கடிதம் பாதி உனக்கு, பாதி ஆதித்தனுக்கு. அவனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ரோகிணியை வாசிக்கச் சொல்லாதே, நீதான் அவன் அறைக்குப் போய், எதிரில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து ஒன்று விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும். உன்னைத் திட்டியிருக்கும் இடம் வரும்போது மெதுவாக வாசி, அவன் நன்றாகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. சேவுகன்