தரையில் இறக்காத கேன்

ஆகஸ்ட் 14, வியாழன்

புல் வெட்டும் மெஷின்களுக்குப் பெட்ரோல் வாங்கக் காலையில் தோட்டத்து பிக்அப்பில் டவுனுக்குப் போனோம். ஓட்டியவர் முருகேசு அண்ணன். பெட்ரோல் செட்டில் நீண்ட வரிசை. பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் வெற்றுக் கேனைக் கீழே இறக்கப் போனார்.

“விடுங்கண்ணே, வண்டியிலயே வச்சு அடிக்கட்டும்.”

“தரையில வைக்கணும்னு நீங்கதானே தம்பி காலையில பெரட்டுக்கு ஆள் கூடுனப்ப எல்லாருக்கும் சொன்னீங்க?”

“இப்ப அதுக்கெல்லாம் நேரமில்ல.”

பிக்அப்பின் ரப்பர் விரிப்பின் மேல் நிற்கும் பிளாஸ்டிக் கேனில் மின்னேற்றம் சேரும். அது தரைக்கு இறங்க வழியில்லை. இந்தக் காய்ந்த காற்றில் ஒரு பொறி போதும். எல்லாம் படித்துவிட்டு வந்த பயிற்சி அதிகாரி நான். கேன் பாதி நிரம்பும்போது அதன் வாயில் பக்கென்று தீப்பற்றியது. அண்ணன்தான் சாக்கைப் போட்டு அமுக்கி அணைத்தார். அவருடைய வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு வந்த தோட்ட மேனேஜரான துரை, “வண்டியில வச்சு அடிக்கச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

“நான்தாங்க. அவசரப்பட்டுட்டேன்,” என்றார் அண்ணன்.

நான் கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துரை போனதும் அண்ணன் சிரித்தார். “உங்களுக்கு இன்னும் வேல நிரந்தரமாகல. எனக்கு ஏச்சு வாங்கிப் பழகிப்போச்சு.”

ஏச்சோடு முடியவில்லை. இனி அவருக்கு வண்டிச் சாவி கொடுக்கக் கூடாதென்று துரை ஆபீசில் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் உண்மையைச் சொல்லத்தான் துரைக்குப் போன் எடுத்தேன்.

“என்னப்பா, நாளைக்கு வேற டிரைவர் வேணுமா?”

“ஆமாங்க சார்” என்று சொல்லி வைத்துவிட்டேன்.