கோமதி அக்காவின் கழுத்துவலி

அக்கா, என் கோமதி அக்கா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் பதினாறாம் நாளன்று வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். "எம்புட்டு வலியத் தாங்குனா! வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்லிருப்பாளா?" உன் மாமியார் அதைச் சொல்லி அழுதபோது எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. நீ சொன்னாய். மூன்று வருடம் சொன்னாய். "நடிக்கா" என்று அடுக்களைக்குள்ளிருந்து அதே வாய் சொன்னது உன் காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது.

நானும் யோக்கியன் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கடையநல்லூர் கல்யாணத்துக்குப் போய்விட்டு என் டாக்சியில்தானே திரும்பிக்கொண்டிருந்தோம்? ரயில்வே கேட் மூடியிருந்தது, நிறுத்தினேன். பின்னால் வந்த லோடு வேன்காரன் பிரேக் பிடிக்காமல் வந்து இடித்தான். இறங்கிப் பார்த்தேன், பம்பர் நசுங்கியிருந்தது. அவன் சட்டையைப் பிடித்து அரைமணி நேரம் சண்டை போட்டேன். நீ பின்சீட்டில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேனா? எவ்வளவு யோசித்தும் கேட்டதாக நினைவில்லை.

மறுநாள் காலையில் உன்னால் தலையைத் திருப்ப முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்புல ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர். அந்த ஒரு வரியை எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். பத்திர ஆபீசில் குனிந்து உட்கார்ந்து டைப் அடித்தவள், ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டாய். கழுத்தில் தொடங்கித் தோளுக்கும் கைக்கும் வலி இறங்கியது. ஆடித்தபசுத் திருவிழா அன்று ஊரே அண்ணாந்து சுவாமியைப் பார்த்தபோது நீ மட்டும் முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு கும்பிட்டாய். அத்தான் என்னிடம் சொன்னார்: "ஒங்க அக்காவுக்கு மனசுலதான் நோவு மாப்ள." நான் தலையாட்டினேன்.

மதுரையில் கைரோபிராக்டிக் பார்க்கும் டாக்டரம்மாவைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு வந்து நீதான் என்னை நச்சரித்தாய். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையாலேயே பார்த்துச் சரிசெய்கிற வைத்தியம். போனில் நான் பார்த்த வீடியோக்களில் தலையைப் பிடித்து ஒரு திருப்பு, 'மடக்'கென்று ஒரு சத்தம், நோயாளி சிரித்துக்கொண்டே எழுந்து போவான். அந்தச் சத்தத்துக்காகத்தான் வண்டி ஓட்டி வந்தேன் என்று வைத்துக்கொள்.

அந்த அம்மா உன்னைத் தொடவே அரைமணி நேரம் ஆனது. எப்போது வலிக்கிறது, எப்படிப் படுப்பாய், எந்தக் கை மரத்துப்போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு சொன்னார்கள்: "பின்னாடி இடிச்ச வேகத்துல கழுத்து முன்னயும் பின்னயும் வெட்டியிருக்கும்மா. தசையெல்லாம் இழுபட்டிருக்கு. அது எக்ஸ்ரேல தெரியாது. உங்க வலி பொய் இல்ல." நீ ஓவென்று அழுதாய். நான் சுவரைப் பார்த்தேன்.

மெதுவாக அழுத்தி விட்டார்கள், சில பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சத்தம் வரவில்லை என்று எனக்கு ஏமாற்றம். ஆனால் நாலு தடவை போய் வந்ததில் நீ இடப்பக்கம் திரும்பி ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாய். விடியும்வரை தூங்கினேன் என்றாய். ஐந்தாவது தடவை கிளம்பும்போது அத்தான் கேட்டார்: "தடவி விடுததுக்கு மதுர வரைக்குமா போகணும்?" எனக்கும் முகூர்த்த நாட்கள், சவாரி நிறைய. "இப்பதான் நல்லாருக்கேல்லா, பொறவு பாப்பம்க்கா" என்றேன். இரண்டு தடவை தனியாக ரயிலில் போனாய். உட்கார்ந்து போய் வருவதே வலி என்று அதையும் விட்டாய். மறுபடி வலி ஏறியது. அதன் பிறகு நீ யாரிடமும் அதிகம் சொல்லவில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்கு எனக்குப் போன் செய்தாய்.

"ஏலே முருகேசா, எடது கை ஒருமாதிரி வலிக்கு. வேர்த்து ஊத்துது. கொஞ்சம் வாரியா?"

"அது பழைய வலிதானக்கா. தைலத்தப் போட்டுப் படு. புளியங்குடி சவாரி ஒண்ணு இருக்கு, முடிச்சிட்டு வாரேன்."

"சரிலே. நீ சோலியப் பாரு."

நான் வந்து சேர்ந்தபோது உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். அத்தான் சொன்னார்: "மூணு வருசமா இருக்கு சார்."

ஒரு மாதம் கழித்து மதுரை டாக்டரம்மா போன் செய்து உன்னை விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னேன். "எப்பவும் வலிக்கிற மாதிரிதான் வலிச்சுச்சான்னு யாராவது அவங்ககிட்ட கேட்டீங்களா சார்?" என்றார்கள். நானும் கேட்கவில்லை அக்கா.

உன் மகள் நித்யா பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அன்று நீ போனில் பேசும்போது அவள் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாளாம். அதன் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போன வாரம் வீட்டுக்குப் போனபோது இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. சைக்கிளிலிருந்து விழுந்து நாலு நாள் ஆகியிருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

"ஏன் மக்கா சொல்லல?" என்று கேட்டேன்.

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சொன்னா மட்டும் என்ன மாமா செய்வீங்க?"

கோபமே இல்லாத குரல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அப்போதே கூட்டிப் போனேன். மணிக்கட்டு எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். திரும்பி வரும்போது முன்சீட்டில் உட்காரச் சொன்னேன், மறுக்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. ஒன்று மட்டும் சொல்லுகிறேன். இனி உன் மகள் எங்கே வலிக்கிறது என்று சொன்னாலும், அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். எந்தச் சவாரியானாலும் நிற்கட்டும்.

உன் கூடப் பிறந்தவன்,
முருகேசன்