வெறும் கோட்டில் ஒரு பெயர்

செல்லமகளுக்கு,

“ரெண்டு கட்சியிலையும் நம்பிக்கை போச்சு அப்பா. வாக்குச்சீட்டிலை கீழை, விரும்பின ஆரின்ரையும் பேரை எழுத ஒரு வெறும் கோடு இருந்தது. அதிலை உங்கடை பேரை எழுதிப்போட்டன்” என்று நீ சிக்காகோவிலிருந்து சொன்னதும், “அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் என்ன விளையாட்டே?” என்று கத்திப் போனை வைத்துவிட்டேன்.

அறுபது வயதாகியும் நான் எங்கேயும் வாக்களித்ததில்லை. ஊரில் அதற்குரிய வயது வந்தபோது சண்டை தொடங்கிவிட்டது. இங்கே ஜெர்மனியில், வுப்பர்டாலில், “ஆர் வந்தாலும் எங்களுக்கென்ன” என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சொல்லியே குடியுரிமைக்கான அன்ட்ராக்கை, அந்த விண்ணப்பப் படிவத்தை, அலுமாரியில் வைத்திருந்தேன்.

நேற்று எடுத்து நிரப்பினேன். பெயர் எழுதும் இடத்தில் கை கொஞ்சம் நின்றது. நீ எழுதிய பெயரல்லவா.

ஜெர்மன் வாக்குச்சீட்டில் அப்படி வெறும் கோடு கிடையாதாம். இருந்தால் உன் பெயரைத்தான் எழுதுவேன்.

கோபம் ஆறிய
அப்பா