பன்னிரண்டாம் தேதிப் பாடம்

அன்புள்ள தம்பிக்கு,

திங்கட்கிழமை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அலுவலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், நம் பாப்பா, அவள் தோழி, எழுத்தர். கற்பித்தல் பயிற்சியில் தோழிக்குத் தோல்வி. மதிப்பீட்டுத் தாளைப் பார்க்கத் துணைக்குப் போனேன். எழுத்தர் பாப்பாவின் தாளையும் எடுத்துப் போட்டு, "உங்க பொண்ணு கொடி கட்டிப் பறக்குறாம்மா, தொண்ணூத்திரண்டு!" என்று சிரித்தார்.

பின்னப் பாடம், பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணி. 'நேரில் கவனித்தேன்.' கீழே உன் கையெழுத்து.

வீட்டுக்கு வந்து, நீ கேலி செய்வாயே, நான் தினமும் எழுதிவைக்கும் அந்த நோட்டைப் புரட்டினேன். 'பன்னிரண்டு: பாப்பாவுக்குக் காய்ச்சல். ஆறு மணிக்கு 102, பத்துக்கு 103. பால் அரை டம்ளர். பள்ளிக்குப் போகவில்லை.' என் மடியில் அனத்திக்கொண்டு கிடந்தவள் எந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள்? 'பிள்ளைகள் புரிந்துகொண்டது: பத்துக்கு ஒன்பது' என்று போட்டிருக்கிறாயே!

மாமனே மருமகளுக்கு மார்க் போடலாமா என்று, உன்னை மதிப்பீட்டாளராகப் போட்ட அன்றே கேட்டேன். "கண்ணால பாத்ததுக்குத்தான்க்கா மார்க், உறவுக்கு இல்ல" என்றாய். நம்பினேன். பாப்பாவோ, "மாமா நல்லதுதானே பண்ணியிருக்காரு, நோண்டாதம்மா" என்கிறாள். சொல்லிவிட்டு அவளே அழுகிறாள்.

நான் கல்லூரி வாசலை மிதிக்காதவள். நீ விட்டுப்போன பாடக் குறிப்புகளைப் படித்துத்தான் இதெல்லாம் தெரியும். ஆசிரியர் நடத்தி முடித்ததை அல்ல, பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததை அளக்க வேண்டும் என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

தோழியின் தாளிலும் அதே பேனா, அதே 'நேரில் கவனித்தேன்', பதின்மூன்றாம் தேதி. அவளுக்குப் பத்துக்கு இரண்டு. திக்கித் திக்கிப் பேசும் பெண். ஆனாலும் அன்று வகுப்பில் நின்றவள். "சார் வந்ததே தெரியலம்மா, பதட்டத்துல நான்தான் கவனிக்கலையோ என்னவோ" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாள். இல்லாத பாடத்தைப் பார்த்தவன், இருந்த பாடத்தைப் பார்த்தானா?

மறுமதிப்பீட்டு மனுவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். என் நோட்டையும் சேர்த்துக் கொடுத்தால் உன் வேலை, பாப்பாவின் தேர்ச்சி இரண்டுமே போகலாம். கொடுக்காமல் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போகும். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தாலும் அந்தத் தாள்தான் கண்முன் வந்து நிற்கிறது.

கடவுள் உன்னைக் கைவிடமாட்டார், நானும் விடமாட்டேன். பதின்மூன்றாம் தேதி அவள் வகுப்பில் நீ உட்கார்ந்திருந்தாயா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். வியாழனுக்குள் பதில் போடு.

உன் அக்கா